பட்டு சுற்றிய கை

என் கணவருக்குச் சாயப் பட்டறையில் வேலை. கொதிக்கிற அண்டாவில் பட்டு நூலைக் கோலில் மாட்டிப் புரட்டிக்கொண்டிருந்தபோது அண்டா சரிந்து, வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, தினமும் வந்து மாற்றிக்கொள்ளுங்கள், வீட்டில் பிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் நாத்தனார் அதைப் பிரித்துப் போட்டார். “ஆஸ்பத்திரி துணிய எத்தினி பேரு தொட்டாங்களோ. பட்டுக்குத் தீட்டே கிடையாதும்மா, இத சுத்து” என்று தன் கல்யாணப் புடவையில் கிழித்த துண்டை நீட்டினார். பூஜைக்குப் பட்டைத் துவைக்காமலே கட்டிக்கொள்கிற ஊர் இது. தீட்டு ஒட்டாத துணியில் அழுக்கும் ஒட்டாது என்று ஒரு கணக்கு. பல வருஷம் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்த துணி! வேண்டாம் என்றேன். வாய்க்கொழுப்பு என்றார். பட்டிலேயே புழங்கிய மனுஷர், என் கணவரும் அக்காவுக்குத் தலையாட்டினார்.

அப்புறம் ஆரம்பித்தது கண்காட்சி. பார்க்க வந்தவர்கள் எல்லாம், ஜவுளிக் கடையில் முந்தானையைப் புரட்டுவது போல அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்தார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய விரல், மூக்கைத் துடைத்த விரல். ஒருவர் விபூதியைப் புண் மேலேயே தூவினார். தூக்கும்போதெல்லாம் துணியோடு தோலும் பிய்ந்து வந்தது. “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள். அந்த டம்ளர்களை விளிம்பில் விரல் படாமல் தூக்கிக் கழுவினேன்.

ஜுரம் வந்தது. நாத்தனார் டாக்டர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வந்தார். ஜுரம் இறங்கியதும் நிறுத்தினார். மறுபடி ஏறியதும் அதைவிடப் பவரானது என்று வேறொன்று. கடைக்காரரும் அட்டையைக் கத்தரித்து, கடலை மிட்டாய் கொடுப்பது போலக் கொடுத்தார்.

சீழ் பச்சையாக வந்தது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? அழுகிய திராட்சை போலத் தித்திப்பாக, தொண்டையில் ஒட்டிக்கொண்டது. சோற்றில் அடித்தது, என் தலைமுடியில் அடித்தது. துண்டைத் தூக்கிப் பார்த்தவர்கள் இப்போது வாசலோடு திரும்பினார்கள். தூ!

யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார்.

“வழக்கமா குடுக்கிற மருந்து எதுக்கும் இந்தக் கிருமி சாகலம்மா. மிச்சம் இருக்கிற ஒண்ணைத்தான் ஏத்திக்கினு இருக்கோம், அதுவும் பத்தல. ரத்தத்துல கலந்துகினு இருக்குது. கைய எடுத்தாதான் உயிர் நிக்கும்.”

ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்தவரிடம் எதைக் கேட்பது? கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து அவரை வெளியே கொண்டுவந்தபோது அந்த நாற்றம் இல்லை. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கண் விழித்ததும் அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு.

“நாத்தமே அடிக்கல பாரு. கை ஆறிக்கினு வருது.”

“ஆமாங்க” என்று போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டேன்.