மல்லாந்த பூச்சிகள்

கையில் ஒரு மரத்துண்டையும் ஆறு குச்சிகளையும் கொடுத்து ஒரு பூச்சி செய்யுங்கள் என்றால், கால்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? கீழேதான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பீர்கள். எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் செய்தார்கள். அதில் இருபத்தாறு பேர் கால்களை வானத்தைப் பார்த்து வைத்தார்கள்.

அந்த வகுப்பின் ஆசிரியை தர்யுமி. நான் பக்கத்து அறையில் ஆறாம் வகுப்பு நடத்துகிறேன். நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் இருமுவது எனக்குக் கேட்கும், நான் பிள்ளைகளை அதட்டுவது அவருக்குக் கேட்கும்.

தர்யுமிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு ஆண்டுகளாக அவர் 'கௌரவ ஆசிரியை'. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்த அதிகாரி கெட்டிக்காரர். சம்பளம் வைக்க மனம் வராத இடத்தில் கௌரவத்தை வைத்துவிட்டார். நான் செய்யும் அதே வேலையைத்தான் தர்யுமியும் செய்கிறார். எனக்கு வருவதில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்கு வராது. கணவர் தெகால் துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். படகு கரைக்கு வந்தால்தான் அவரும் வீட்டுக்கு வருவார்.

அதனால் பள்ளி விட்டதும் தர்யுமி சீருடையைக் கழற்றிவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெங்காயக் களத்துக்குப் போவார். எங்கள் பிரெபெஸ் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் சின்ன வெங்காயம்தான். அறுவடையானதைக் காயவைத்துத் தாளையும் வேரையும் நறுக்கும் வேலைக்குப் பெண்களும் பிள்ளைகளும் வேண்டும். காலையில் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள், பிற்பகலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தி பிடிப்பார்கள்.

"இபு, நீங்க இன்னும் ஒரு கூடைதான். எனக்கு ரெண்டு முடிஞ்சுது" என்று அவர் வகுப்பு நைலா சீண்டுவாள். எங்களைப் போன்ற ஆசிரியைகளை இங்கே 'இபு', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வகுத்தல் கணக்குல இந்த வேகம் எங்க போச்சு?" என்பார் தர்யுமி. களமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். பிறகு விரலை முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார். அந்த நாற்றம் வெங்காயத்தினுடையது மட்டும் அல்ல.

சென்ற ஆண்டு செப்டம்பரில் அவருக்கு ஒரு வழி திறந்தது. நீண்டகாலம் வேலை பார்த்த கௌரவ ஆசிரியர்களை ஒப்பந்தப் பணியில் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. தேர்வில் தர்யுமி தேறிவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: இத்தனை ஆண்டு இடைவிடாமல் வேலை செய்தார் என்று தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும் கடிதம். அது அக்டோபரின் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு மறுநாள் சனிக்கிழமை, வட்டாரப் பள்ளிகளின் கைவேலைக் கண்காட்சி.

கண்காட்சிக்குப் பூச்சி பொம்மை செய்யலாம் என்றது தர்யுமிதான். வயலில் எந்தப் பூச்சி நண்பன், எந்தப் பூச்சி எதிரி என்று விவசாயிகளுக்காக எப்போதோ அச்சிட்ட ஒரு பழைய கையேடு அவரிடம் இருந்தது. புள்ளி வண்டு அசுவினிப் பூச்சியைத் தின்னும், தட்டான் கொசுவைப் பிடிக்கும் என்று பிள்ளைகள் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். ஊர்த் தச்சர் இலவங்கட்டைகளைக் கொடுத்தார். இலவம் பஞ்சு மாதிரி மெதுவான மரம், பிள்ளைகளின் கைக்கு இணங்கும். ஒவ்வொரு கட்டையையும் வெள்ளரிக்காயைப் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்தார்கள். தட்டையான பக்கத்தில் ஆணியால் ஆறு துளைகள், துளைகளில் சத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் வகுப்பு முழுவதும் வெள்ளைத் தூள். ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்கு வேலிகளுக்கு அடித்து மிஞ்சிய, எங்கள் கொடியின் சிவப்பும் வெள்ளையும்தான் வண்ணம். கறுப்பு மட்டும் தர்யுமி வாங்கினார்.

அன்று அவருக்குக் காய்ச்சல். பசை காயட்டும் என்று விட்டுவிட்டு மேசையில் தலை சாய்த்திருக்கிறார். நிமிர்ந்தபோது ஜன்னலோரம் வரிசையாகப் பொம்மைகள். ஐந்தைத் தவிர எல்லாம் மல்லாந்து கிடந்தன. வளைந்த முதுகு கீழே, கால்கள் மேலே. கால்கள் இருக்கும் தட்டைப் பக்கத்தில்தான் வண்ணம், அதிலேதான் கண்கள்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏன் எல்லாம் படுத்திருக்கு?" என்றார் தர்யுமி.

"பூச்சி அப்படித்தான இபு இருக்கும்" என்றாள் நைலா.

"நிக்காதா?"

"நின்னா பூச்சிமருந்துல கலப்படம்னு அர்த்தம். அப்பா கடைக்காரரோட சண்டைக்குப் போவாரு."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது நகைச்சுவை அல்ல, தகவல். மீதி ஐந்து பேரில் கால்களைக் கீழே வைத்த மூவர் மலைப்பக்கத்திலிருந்து அந்த ஆண்டு குடிவந்தவர்கள். மற்ற இருவர் பாதிதான் முடித்திருந்தார்கள்.

மறுபடி செய்யச் சொல்லத் தர்யுமிக்கு உடம்பில் சக்தி இல்லை. அப்படியே விட்டுவிட்டார். ஏதோ பெரிய கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சல், அவ்வளவுதான்.

கண்காட்சி வாரத் திங்கட்கிழமை, 'பாக்', அதாவது ஐயா, என்று நாங்கள் அழைக்கும் தலைமையாசிரியர் பாக் தோஹிரின் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கிறது, அதுவரை யாரும் தன் பெயரை உரக்கச் சொல்லக் கூடாது என்பதே அவர் ஆசை. கண்காட்சிக்குப் பரிசு தருவது ஒரு பூச்சிமருந்து நிறுவனம். பள்ளிப் பைகளும் தொப்பிகளும் தருகிறார்கள். அவர்கள் முன்னால் இருபத்தாறு செத்த பூச்சிகளை எப்படி வைப்பது? திருப்பி நிற்கவைத்து முதுகில் வண்ணம் அடித்துவிடுங்கள், ஒரு மணி நேர வேலை என்றார். வாசலைத் தாண்டும்போது சொன்னார்: "உங்க கடிதம் என் மேசையிலதான் இருக்கு இபு. பொம்மைய முடிச்சிட்டு வாங்க, சேர்த்து முடிச்சிடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் ஊரில் மிரட்டல் இப்படித்தான் வரும், உதவி மாதிரி உடுத்திக்கொண்டு.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பிவிடுங்கள் என்று நானும் சொன்னேன். பதினாறு ஆண்டு, தர்யுமி, ஒரு தூரிகைதானே என்றேன். எவ்வளவு எளிது என்று காட்ட, நைலாவின் பொம்மையை நானே எடுத்துத் திருப்பி, வெறும் மரமாக இருந்த முதுகில் சிவப்பு அடித்து ஏழு கறுப்புப் புள்ளிகள் வைத்தேன். கால்கள் ஒரே உயரமில்லை. கொஞ்சம் நொண்டினாலும் நின்றது. அழகான புள்ளி வண்டு.

மறுநாள் காலையில் நைலா அதைப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"இது இன்னும் செத்துத்தான் இருக்கு" என்றாள். "யாரோ புடிச்சு நிக்க வச்சிருக்காங்க. பாருங்க, கண்ணு மண்ணுல இருக்கு."

தர்யுமி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் சொன்னார்: நாளைக்கு வயலுக்குப் போவோம், உயிரோடு ஒரு புள்ளி வண்டோ தட்டானோ வெட்டுக்கிளியோ கிடைத்தால், அது எப்படி நிற்கிறது என்று பார்த்து எல்லாப் பொம்மைகளையும் திருப்பிவிடலாம். ஒன்று கிடைத்தால் போதும். அவர் உண்மையாகவே கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். கிடைத்தால் கடிதமும் கிடைக்கும், பொய்யும் சொல்ல வேண்டாம்.

புதன்கிழமை இரண்டு வகுப்பும் சேர்ந்து போனோம். ஒரு பிஸ்கட் டப்பா, ஒரு நோட்டு. நோட்டில் நைலா இரண்டு கட்டம் போட்டிருந்தாள்: உயிரோடு, செத்தது. வரப்பில் ஏறி, வாய்க்கால் ஓரமாக நடந்து, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே குனிந்து தேடினோம். செத்த கட்டத்தில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. தண்ணீரில் மிதந்த தட்டான்கள், வரப்பில் மல்லாந்த வண்டுகள், தேனீ ஒன்று. எறும்புகள் மட்டும் நடமாடின. அவையும் ஒரு செத்த வண்டைத்தான் இழுத்துக்கொண்டு போயின. ஒரு சிறுமி "இபு, கொசு!" என்று கத்தித் தன் கழுத்தில் அடித்தாள். கையைப் பார்த்துவிட்டு, "அத செத்ததுல போட்டுக்கோ" என்றாள். அன்று பிள்ளைகள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நைலாவின் அப்பா கார்சன் முதுகில் மருந்துத் தொட்டியோடு பாத்திகளுக்குள் நடந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு பழைய சட்டையைச் சுற்றியிருந்தார். எதற்கு வந்தோம் என்று கேட்டு நின்றுவிட்டார்.

"பூச்சியத் தேடியா வந்தீங்க இபு? அதுங்களத் தீர்த்துக்கட்டத்தான் காலைல இருந்து நடக்குறேன். ஒண்ணு கெடச்சாச் சொல்லுங்க, நானும் வர்றேன்."

கிராம்பு கலந்த கிரெத்தேக் சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று. கை நடுங்கியது. அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. நடுக்கம் விதி என்று அவரே சொல்வார். பக்கத்து வீட்டில் இரண்டு கரு கலைந்ததும் விதி, தர்யுமியின் இருமலும் விதி. நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டு அலுத்த பதில் இது. விதியை யாரும் பாட்டிலில் அடைத்து, மூடி போட்டு, மண்டையோட்டுப் படம் ஒட்டிக் கடையில் விற்பதில்லை. கார்சன் ஒரு வாளியில் ஐந்து பாட்டிலைக் கலக்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை அடிக்கிறார். கலக்குவது வெறுங்கையால். அப்படிக் கலக்கக் கூடாது என்று விற்றவருக்குத் தெரியும், மருந்தைத் தயாரித்தவருக்குத் தெரியும், பள்ளிப் பை கொடுக்கிறவருக்கும் தெரியும்.

தர்யுமி உயிருள்ள பூச்சி ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார். கார்சன் யோசித்து, ஒரு வெங்காயத் தாளைக் கிள்ளி நகத்தால் நீளவாக்கில் பிளந்தார். குழலுக்குள் ஒரு பச்சைப் புழு நெளிந்தது. கொழுத்த புழு.

"இவன் ஒருத்தன்தான். எத்தன பாட்டில் மாத்தினாலும் இவன் மட்டும் சாக மாட்டேங்கிறான்."

நைலா நோட்டில், உயிரோடு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். எவனைக் கொல்ல இத்தனையும் ஊற்றினார்களோ அவன் உள்ளே சுகமாக இருக்கிறான். அவனைத் தின்னக் கூடியவர்கள் எல்லாம் மல்லாந்துவிட்டார்கள். இதைவிடத் தெளிவான பாடத்தை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

திரும்பிவந்து நைலா மிஞ்சிய குச்சியில் ஒரு புழு செய்தாள். பச்சை இல்லாததால் பேனா மையைத் தேய்த்தாள். அதை மட்டும் நிமிர்த்தி வைத்தாள்.

வியாழக்கிழமை தர்யுமி, வயலில் பொறுக்கிய செத்த பூச்சிகள் இருந்த டப்பாவோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். பாக் தோஹிரின் டப்பாவைத் திறக்கவில்லை.

"புள்ளைங்க பாத்ததத்தான் செஞ்சிருக்காங்க பாக்" என்றார் தர்யுமி. "பாத்து எழுது, பாத்து எழுதுன்னு பதினாறு வருஷமாச் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப பாக்காதன்னு சொல்ல வரல."

"உங்க நல்லதுக்குச் சொன்னேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெளியே வந்ததும் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார் தர்யுமி. நான் தண்ணீர் கொடுத்தேன். துணிச்சல்காரிதான் நீங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் இல்ல இபு. பொய் சொல்லத் தெம்பு வேணும். சொன்ன பொய்ய நாளைக்கும் ஞாபகம் வச்சுக்கத் தெம்பு வேணும். எனக்கு அலுத்துப்போச்சு."

வெள்ளிக்கிழமை கையெழுத்துக் கிடைத்தது. முத்திரை கிடைக்கவில்லை. அதை வீட்டில் மறந்துவைத்துவிட்டதாகப் பாக் தோஹிரின் சொன்னார். நான் சண்டை போட்டேன். வண்டியில் போய் எடுத்துவருகிறேன் என்றேன். சாவி மனைவியிடம், மனைவி சந்தைக்குப் போயிருக்கிறார் என்றார். நான்கு மணிக்குக் கல்வி அலுவலகம் மூடிவிட்டது. திங்கட்கிழமை முத்திரை வந்தது, எதற்கும் பயனில்லாமல். சனிக்கிழமைக் கண்காட்சியில் எங்கள் பள்ளியின் மேசையில் இரண்டாம் வகுப்பு செய்த நெகிழித் தாள் பூக்கள் இருந்தன. அவற்றுக்கு மூன்று பைகள் பரிசு.

தர்யுமி இன்னும் கௌரவமாகத்தான் இருக்கிறார். இன்று பிற்பகலும் களத்தில் இருப்பார். அடுத்த அறிவிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. பொம்மைகள் என் வகுப்பு ஜன்னலில் இருக்கின்றன, முப்பத்தொன்றும், அந்தப் புழுவும். நான் வண்ணமடித்த வண்டு இன்னும் நிற்கிறது, மண்ணைப் பார்த்துக்கொண்டு. அதை அப்படியே வைத்திருக்கிறேன். நான் செய்த வேலை என் கண்முன் இருக்கட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு ஒரு மரத்துண்டும் ஆறு குச்சியும் கொடுங்கள். பூச்சி செய்யச் சொல்லுங்கள். எப்படி என்று சொல்லித்தராதீர்கள். கால்கள் மேலே வந்தால், உங்கள் கை தானாகத் திருப்பப் போகும். என் கை போயிற்று. திருப்பாதீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஊர் பூச்சிமருந்துக் கடைக்காரரின் மேசைமேல் மல்லாத்தி வைத்து, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.