மாமன் இரிக்கிற இடம்

காலிதீன் காக்கா ஏறினா என்ட கார் ஒரு பக்கம் சரியும். பகிடிக்குச் சொல்லல்ல. மொரிஸ் மைனர் எண்டா ரெண்டு கதவுக் கார். முன் சீற்றை மடக்கி, குனிஞ்சி, பின்னுக்குப் பூரணும். அவரை உள்ளுக்குத் தள்ள ரெண்டு பேர் வேணும், வெளிய இழுக்க மூணு பேர் வேணும். அவர் ஏறி முடிஞ்சாப் பொறவு பக்கத்துல குந்துற கலியாண மாப்பிள்ளைக்கு மிச்சமிரிக்கிறது ஒரு சாண் இடம்.

சாய்ந்தமருதுல மனிசன் நாவிதன்வெளி வயலோட மல்லுக்கட்டின நேரம் போக, மிச்ச நேரத்துல மாமனா இருந்தாரு. அதுதான் அவருட உத்தியோகம். ஆறு பொம்புளப் புள்ளைகளோட பொறந்த ஒரே ஆம்பிளை. சொந்தத்துல புள்ளை இல்ல. ஆறு வீட்டு மருமக்களுக்கும் அவர் ஒராள்தான் மாமன். எழுபதுகள்ல அந்தக் குடும்பத்துல ஒரு கலியாணம் எண்டா, வாடகை பேசி ஹயருக்குப் போறது இந்த மீராசாஹிபுட கார்தான்.

அவங்கட குடும்பத்துல ஒரு வழமை இரிக்கி. மாப்பிள்ளை வெளிக்கிட்டதுல இருந்து பொண்ணு வீட்டு வாசல் மட்டும் மாமன் அவன்ட கையைப் புடிச்சிருக்கணும். இடையில உடப்படாது. வாசல்ல பொண்ணுட வாப்பாட கையில அந்தக் கையைக் குடுக்கணும். எங்கட பக்கத்துல கலியாணம் முடிச்ச ஆம்பிளை பொண்ணு வீட்டுலதானே போய் இரிக்கிற. அப்ப அது சும்மா கையைக் குடுக்கிற இல்ல, ஆளையே குடுக்கிற.

கையைப் புடிச்ச நேரத்துல இருந்து மனிசன் வாயைத் திறந்தா மூடமாட்டாரு.

"மீராசாஹிபு, இது சீற்றா, ஆட்டுக்கல்லா?"

"கம்பி குத்துதுடாப்பா. ஆட்டுக்கறி திங்கப் போற இடத்துக்குக் காயத்தோட போகவா?"

"என்ட முழங்கால் உன்ட முதுகுல முட்டுது. அது எனக்கு நோகுதா உனக்கு நோகுதா?"

எனக்குத்தான் நோகும். ஒவ்வொரு கலியாணமும் இப்பிடித்தான். போற வழி முழுக்கக் குறை. நானும் ஒண்டு ரெண்டு தரம் கோவத்துல, "அப்ப நடந்து வாங்க காக்கா" எண்டு சொல்லியிரிக்கன். கேட்டாத்தானே.

எண்பத்திரெண்டுல நான் அந்தக் காரைத் தள்ளிப்போட்டு ஜப்பான் வேன் ஒண்டு எடுத்தன். என்ன வேன் தெரியுமா! உள்ளுக்கு ஆள் நிமிந்து நடக்கலாம். சீற்றுல குந்தினா மெத்தையில குந்தின மாதிரி. காலை நீட்டலாம், மடக்கலாம், மடியில புள்ளையையும் வெச்சிக்கிடலாம். கல்முனை ஸ்டாண்டுல கொண்டு நிப்பாட்டின நாள் ஒவ்வொருத்தனும் ஏறிக் குந்திப் பாத்துட்டுத்தான் போனான். காலிதீன் காக்காவும் வந்தாரு. ஏறல்ல. சுத்திப் பாத்தாரு.

"சின்னக் கார் எங்க?"

"வித்தாச்சி காக்கா."

"ஜவுபர்ட கலியாணத்துக்கு இதா?"

"ஓம். அவன் சவூதியில இருந்து காயிதம் போட்டுச் சொல்லிட்டான். மாமாவுக்கு முழங்கால் நோகாத வாகனம் வேணுமாம்."

அவர் சாரனைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

ஜவுபர் எண்டா அந்த ஆறு பேர்ல மூத்தவ, அவருட ராத்தா ஹாஜறாட கடைசி மகன். வாப்பா கடல்ல மவுத்தாப் போகக்குள்ள அவன் கைக்குழந்தை. சுன்னத்து வெச்ச நாள் மடியில வெச்சிருந்தது காலிதீன் காக்கா. சைக்கிள் பார்ல துவாய் ஒண்டைச் சுத்தி, அதுல அவனைக் குந்தவெச்சிப் பள்ளிக்கூடம் கொண்டு போனதும் அவர்தான். மத்த மருமக்களுக்கு அவர் மாமன். இவனுக்கு வாப்பாவும் அவர்தான்.

கலியாணத்தண்டு பின்னேரம் அசர் தொழுகையோட வேனைக் கொண்டு வாசல்ல நிப்பாட்டினன். பொண்டுகள் குரவை போட்டாங்க. ஜவுபர் கோட்டும் தொப்பியுமா வந்து, என்ட பக்கத்துச் சீற்றுக் கதவைத் தானே திறந்து, மாமனைக் கையைப் புடிச்சி ஏத்தினான். வேனுக்குள்ள நல்ல சீற் அதுதான். ஏத்திப்போட்டுக் கையை உட்டான். பின்னால கூட்டாளிமாரோட போய்க் குந்தினான். பொடியன்மார் பாட்டுக் கெசட்டைப் போட்டுட்டானுகள். நான் வேனை எடுத்தன்.

கல்முனைக்குடி தாண்டுது, காக்கா வாய் திறக்கல்ல.

"எப்பிடி காக்கா சீற்?"

"நல்லம்."

படச்சவனே! அந்த மனிசன் ஒரு சீற்றை நல்லம் எண்டு சொல்லி என்ட காதால கேட்டது அண்டைக்குத்தான். எனக்குப் பெருமை. பொறவு பாத்தா, ரெண்டு சீற்றுக்கும் நடுவால அவருட வலக்கை பின்னுக்குப் போகுது. விரிச்ச கை. தலை நேரா ரோட்டைப் பாத்தபடி, தோள் மட்டும் முறுகுது.

பின்னுக்கிருந்த ஒருத்தன் அந்தக் கையில சோடாப் போத்தல் ஒண்டை வெச்சான். காக்கா அதைக் கொண்டு வந்து என்ட மடியில வெச்சாரு. கை திரும்பப் போச்சி. இன்னொருத்தன் மஸ்கட் இனிப்புத் துண்டு ஒண்டை வெச்சான். அதுவும் என்ட மடிக்கு வந்திச்சி. மூணாந்தரம் கை போகக்குள்ள நான் கெசட்டை நிப்பாட்டினன்.

"டேய் ஜவுபர், கண் பொட்டையா உனக்கு? மாமன்ட கையைப் பாருடா!"

அவன் பாத்தான். கல்முனைச் சந்தியில, ஓடுற வேனுக்குள்ள, கோட்டோடயே சீற்றைத் தாண்டி முன்னுக்கு வந்தான். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இரிக்கிறது இன்ஜின் மூடி. கொதிக்கும். நான் அதுல சீலை கூட வைக்கிறல்ல. மாப்பிள்ளை அதுல குந்தினான். குந்தி மாமன்ட கையைப் புடிச்சான்.

"மாமா, முழங்கால் நோகுதெண்டு நீங்கதானே ஒவ்வொருக்காவும் சத்தம் போட்ட?"

"நொந்திச்சிதான். கையைப் புடிச்சிக்கிட்டு நொந்திச்சி. இதுல கை எட்டல்லியே மனே."

ஜவுபருக்கு அழுகை வந்திச்சி. அது மாமனுக்காகவா இன்ஜின் சூட்டுக்கா எண்டு எனக்குத் தெரியா. ஒவ்வொரு கியருக்கும் அவன் முழங்காலைத் தூக்கணும். அந்த நேரம்தான் எனக்கு உசிர் வந்திச்சி, ஏனெண்டா பாண்டிருப்புல காக்கா வாயைத் திறந்தாரு.

"மீராசாஹிபு, இது வேனா, அடுப்பா? புள்ளையை அவிச்சா கொண்டு போகப் போறாய்?"

மருதமுனையில பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் அவர் வாயை நிப்பாட்டல்ல. வாசல்ல பொண்ணுட வாப்பா ஸைனுலாப்தீன் ஹாஜியார் கையை நீட்டினாரு. காலிதீன் காக்கா அந்தக் கையைப் பாத்துக்கிட்டே நிண்டாரு. பின்னுக்கு நிண்டவங்க செருமினாங்க. பொறவு குடுத்தாரு.

எல்லாரும் சோத்துச் சஹனைச் சுத்திக் குந்தினாங்க. நான் ஒரு கவளம் வாயில வைக்கல்ல, காக்கா வந்து தோளைத் தட்டி, "என்னைக் கொண்டு உடு" எண்டாரு. சாப்பாட்டுல இருந்து ஆளை எழுப்புறது பாவம் எண்டு சொல்ல வாய் வந்திச்சி. முகத்தைப் பாத்துட்டு எழும்பினன். வெளியில இன்னும் வெயில் இருந்திச்சி.

வேன் முழுக்க வெறும் சீற். எங்கயும் இரிங்க எண்டன். அவர் கடைசி நீட்டுச் சீற்றுக்குப் போனாரு. போய், மொரிஸ் மைனர்ல குந்துற மாதிரி, முழங்கால் ரெண்டையும் சேத்து, கதவோட ஒதுங்கிக் குந்தினாரு. பக்கத்துல ஒராளுக்கு இடம் உட்டிருந்தாரு.

"தாராளமா இரிங்க காக்கா. ஆருமில்லதானே."

"ஓம்டாப்பா," எண்டாரு. "ஆருமில்ல."

பொறவு அழுதாரு. கண்ணுல தூசி விழுந்திச்சி எண்டு மூடி மறைக்க நான் ஆளில்ல. அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாரு. நான் கண்ணாடியைத் திருப்பி வெச்சிப்போட்டு வேனை ஓட்டினன்.

பாண்டிருப்புல ரோட்டோரம் நிண்ட ஒராள் வேனுக்குள்ள இடமிரிக்கிறதைப் பாத்து, ஏத்தச் சொல்லிக் கையைக் காட்டினாரு. நான் நிப்பாட்டல்ல.