மீன் தொட்டிக்குள் விழுந்த காசு

புலம்பெயர்ந்து வந்த ஊரில், மில்லிக்கன் பக்கம் ஒரு சீன மீன் கடையின் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் அந்த யோசனையின் விதை எனக்குள் விழுந்தது. பக்கத்து அப்பார்ட்மென்ட் அன்ரியை மீன் வாங்கக் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த காலம். கண்ணில் படுவதையெல்லாம் உடனே திருத்திவிடவேண்டும் என்று ஒரு துடிப்பு. ஐஸில் அடுக்கியிருந்த மீன்களை அன்ரி திரும்பியும் பார்க்கவில்லை. "உதெல்லாம் எப்ப செத்ததோ, ஆர் கண்டது? நீந்துறதைக் கண்ணாலை கண்டால்தான் வாங்குவன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அதே அன்ரி, பூசை முடிந்து வரும்போது, கோயில் வாசலில் பூட்டுப் போட்டிருந்த மரப்பெட்டிக்குள் இருபது டொலரை மடித்துப் போட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கள் பங்குத் தமிழர்கள் நடத்திய நிவாரணச் சபையின் பெட்டி அது. ஊரில் போரால் இடம்பெயர்ந்து காட்டோரம் கிடந்த சனத்துக்கு, மழைக்குக் கூரையாகக் கட்டத் தறப்பாள் அனுப்பச் சேர்த்த பணம். அன்ரியின் தங்கச்சியும் மன்னார்ப் பக்கம் ஒரு முகாமில்தான் இருந்தார். அன்ரி கந்தோர் கந்தோராக, மேசையும் தரையும் துடைத்துத் துப்புரவாக்கி உழைத்த காசு அது. ஒரு மீனிடம் கேட்ட கேள்வியை அன்ரி அந்தப் பெட்டியிடம் கேட்கவில்லை.

பழைய மீன் தொட்டியொன்றை மலிவாக வாங்கி, மூடி போட்டு, அதில் காசு போட ஒரு வெட்டும் வைத்து, மரப்பெட்டிக்குப் பதிலாகக் கொண்டுபோனேன். சபையின் பொருளாளர் அங்கிள் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "மீனை எங்கை தம்பி விட்டிட்டு வந்தீர்?" என்று கேட்டுவிட்டு, தானே மரப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். மறுப்பார் என்று நினைத்து நான் தயாரித்துப் போன வாதமெல்லாம் வீணாகிவிட்டது. அவர் அப்படிப்பட்ட மனிதர். ஹீற்றர் வேலை செய்யாத காரில், குளிர்காலம் முழுக்கக் கிழவிகளைப் பூசைக்கு ஏற்றி இறக்கியவர். குளிரில் அவருடைய மீசை வெள்ளையாகிக் கிடக்கும்.

கண்ணாடிப் பெட்டி வெற்றி பெற்றது. தொல்லையே அதுதான். நோட்டுகள் குவிவதைப் பிள்ளைகள் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். "இப்ப எல்லாம் வெளிவெளியா நடக்குது" என்று சனம் பேசிக்கொண்டது. உள்ளே விழுவது எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டியைவிட்டு வெளியே போனபின் என்னவாகிறது என்பது முன்பு போலவே எவருக்கும் தெரியவில்லை. ஆனால் தெரிகிறது என்ற எண்ணத்தை நான் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அந்த மாரியில் முகாம் பக்கமிருந்து கொழும்புக்கு வந்த ஒருவர் அன்ரிக்குப் போன் எடுத்தார். தங்கச்சி சொல்லிவிட்ட செய்தி: தலைக்கு மேலே இன்னும் ஓலைதான், மழைக்கு ஒழுகுகிறது, தறப்பாள் எதுவும் அந்த முகாமுக்கு வரவில்லை. "நீ கேள் தம்பி, உனக்குத்தானே கணக்குத் தெரியும்" என்றார் அன்ரி.

ஆண்டுக் கூட்டம் கோயில் பேஸ்மென்டில், தேத்தண்ணியும் ரோல்ஸுமாக நடந்தது. சேர்ந்த தொகையைப் பொருளாளர் அங்கிள் வாசித்தார். "எல்லாம் அங்கை போய்ச் சேர்ந்திட்டுது" என்று முடித்தார். கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

"அங்கிள், தறப்பாள் எந்த முகாமுக்குப் போனது? ஆர் கையிலை குடுத்தவை?"

அவர் கோபப்படவில்லை. மூலையில் இருந்த என் பெட்டியைக் காட்டினார். "நீர்தானே தம்பி உதைக் கொண்டுவந்தீர். எல்லாம் கண்ணாடிக்குள்ளை தெரியுது. இதுக்கு மேலை என்னத்தைத் திறந்து காட்டுறது?"

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "நேர்த்திக் காசுக்கு ஆரடா கணக்குக் கேக்கிறது?" என்றார். சிரிப்பு நின்றது. அப்போதுதான் வெளியே தொங்கிய என் சேட்டின் பின்பக்கம் இழுபட்டது. அன்ரி. "இரு தம்பி, இரு. மாதாவுக்கெண்டு நேர்ந்து போட்டது. நாங்கள் கேட்டால் தங்கச்சிக்குத்தான் கூடாது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

பொருளாளர் அங்கிள் கள்ளன் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அவர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்திருப்பார். கடைசிக் கை எது என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களிடம் கணக்குக் கேட்டால், கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். நல்ல மனிதரிடம் எப்படிக் கேட்பது? கெட்டவரிடம் கேட்டுத்தான் என்ன பயன்? அதற்கு மேலாக, போட்ட கையே மாதாவுக்குப் பயப்படுகிறது. வகுப்பில் படித்த எதுவும் இந்தப் பயத்துக்கு உதவவில்லை.

இப்போது ரெக்ஸ்டேலில் ஒரு கொம்பனியின் கணக்குகளைப் பார்க்கிறேன். ஒரு பெட்டி ஆணி வாங்கினாலும் பில் கேட்கிறேன். அன்ரியின் தங்கச்சி இருந்த முகாம் கலைந்துவிட்டது. அந்தச் சனம் எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. அன்ரி முன்னரைவிடக் கூடுதலாகப் போடுகிறார். போன ஞாயிறும் பார்த்தேன்: மடித்த நோட்டு வெட்டுக்குள்ளால் இறங்கி, ஆடி ஆடி, மற்ற நோட்டுகளின் மேல் படுத்துக்கொண்டது. அன்ரி கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார்.

இந்த ஆண்டுக் கூட்டம் வரும் மாதம். அதே கேள்வியை அதே சொற்களில் கேட்கப்போகிறேன். பதில் வராது, சிரிப்பு வரும், பிறகு அது அடங்கும். அன்ரியின் கையும் பின்னாலிருந்து சேட்டை இழுக்க வரும். அதனால் அன்றைக்குச் சேட்டைக் களிசானுக்குள் விட்டு, பெல்ற்றையும் இறுக்கிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.