கால்வாய்க்கு அந்தப் பக்கத்து விலை

சுங்கை பினாங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் அத்தையின் வீட்டுக்கும் நடுவே ஒரு பெரிய கால்வாய், ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான். இரண்டு பக்கத்து வீடுகளையும் கட்டியது ஒரே கம்பெனி. அதே மூன்று அறை, அதே ஓடு, மழை வந்தால் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் அதே குளியலறைக் கதவு. ஆனால் அந்தப் பக்கத்து வீடு ஒன்றின் விலைக்கு எங்கள் பக்கம் கிட்டத்தட்ட இரண்டு வீடு வாங்கலாம். எட்டு வயதில் எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

அத்தையிடமே கேட்டேன். அப்பாவின் தங்கை, பள்ளிக்கூட டீச்சர், எதைக் கேட்டாலும் பாடமாகத்தான் சொல்வார்.

"இங்க வாசல்ல காருதான் நிக்குது, பாரு. உங்க பக்கம் லோரி, வேனு. வாங்க வர்றவங்க வீட்டையா பார்ப்பாங்க? பக்கத்துல யாரு இருக்காங்கன்னுதான் பார்ப்பாங்க."

அப்பாவுக்கு லோரிதான் பிழைப்பு, பசாருக்குக் காய்கறி ஏற்றிப் போவார். அப்படியும் அத்தை சொன்னது எங்களைப் பற்றியது என்று என் மண்டையில் ஏறவே இல்லை. மற்றபடி மக்கு இல்லை நான்.

அத்தை தன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோலாலம்பூருக்குப் போகவிருந்தார். அதற்குப் பக்கத்து வீடும் விலைக்கு வந்திருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், அதை அப்பாவிடம் சொன்னதே அத்தைதான். கடன் தர பேங்க்கும் தலையாட்டிவிட்டது. சாமி மேடையை எந்த மூலையில் வைப்பது என்று அம்மா யோசிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கென்று தனி அறை ஒன்று வரப் போகிறது என்று வகுப்பில் ஒருத்தரையும் விடாமல் சொல்லி வைத்திருந்தேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு மேல வாங்க" என்று அத்தை இரண்டு தரம் சொல்லியிருந்தார். வீட்டைக் காட்ட வேண்டிய ஏஜென்ட்டும் ஐந்து மணிதான் சொன்னார். ஆனால் ஞாயிறு ஐந்து மணி ராகு காலம் ஆயிற்றே! வீடு பார்க்கப் போகிற நேரமா அது? அப்பா ஏஜென்ட்டுக்கு போன் போட்டு மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டார். அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொந்தத் தங்கை வீட்டுப் பக்கம் போக அனுமதியா கேட்பார்கள்?

எங்கள் ஆட்கள் வீடு பார்ப்பதும் பெண் பார்ப்பதும் ஒன்றுதான். சித்தப்பா குடும்பம், மாமா குடும்பம் என்று பதினோரு பேர் லோரியில் ஏறினோம். அப்பா முதல் நாளே லோரியைக் கழுவியிருந்தார். வெங்காய வாசம் மட்டும் போகவில்லை.

போய் நின்றபோது ஏஜென்ட் இன்னும் வரவில்லை. அத்தை தன் கேட்டருகே ஒரு இளம் கணவன் மனைவியோடு நின்றிருந்தார். அவர் வீட்டை வாங்க வந்தவர்கள். பக்கத்தில் புத்தம்புதிய வெள்ளைக் கார். நான் "அத்தே" என்று கூவிக்கொண்டு குதித்து ஓடினேன்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டார், உங்கள் சொந்தக்காரர்களா என்று.

அத்தை மலாயிலேயே சொன்னார்: இல்லை, எங்கள் பிள்ளைகள் பெரியவர்களை எல்லாம் இப்படித்தான் கூப்பிடும்.

போன வாரம்தான் அதே வாசலில் உட்கார வைத்து எனக்குத் தலை பின்னிவிட்டார். இன்றைக்கும் அந்த வாக்கியம் காதில் விழுந்த மாதிரியே இருக்கிறது.

அந்த மனிதர் நல்லவிதமாகத்தான் அப்பாவிடம் திரும்பினார். பக்கத்து வீட்டை வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார். அப்பா லோரியின் பின்னால் நின்ற எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாலா ஜாலான், போஸ்" என்றார் அப்பா. வழி தப்பி வந்துவிட்டாராம்.

அத்தை சொன்னதைவிட இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பினாங்கில் எந்த ஜாலான், எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதர். எங்கள் வீடு பத்து நிமிட நடை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பொத்திவிட்டார். ஒரு ரம்புத்தான் பழத்துக்குக்கூட ஊரைக் கூட்டுகிற சித்தப்பா, சத்தமில்லாமல் லோரியில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை ஒரு பிடி பிடித்தேன். "வழி தெரியலன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்லயாப்பா? என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"சரிம்மா. அடுத்த தடவ நீ காட்டு" என்றார். ஏஜென்ட் மூன்று முறை அழைத்தார். அப்பா எடுக்கவில்லை. நாங்கள் பிறகு கால்வாய்க்கு இந்தப் பக்கமே வீடு வாங்கினோம்.

அத்தையின் வீடு அவர் கேட்ட விலைக்கே போயிற்று. அத்தை போனில் அழுதார் என்று அம்மா சொன்னார். அத்தை வீட்டுச் சாமான் ஏற்ற அப்பாவின் லோரிதான் போனது. நான் அடம்பிடித்து முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பாலத்தில் நேராக, கடை முனையில் இடது பக்கம் என்று அந்தப் பத்து நிமிட நடைக்கு ஒவ்வொரு திருப்பத்தையும் விரலால் காட்டினேன், அப்பா மறுபடியும் நாலு பேர் முன்னால் வழி தெரியாமல் நின்றுவிடக் கூடாதே என்று. அப்பாவும் நான் சொன்ன இடத்திலெல்லாம் திருப்பினார்.