ஒன்பது நாள் வெந்நீர்

கல்யாணமான மறு வருஷம் கொத்தமங்கலத்து வீட்டுல என்னைய வேறு வச்சாக. வேறு வைக்கிறதுன்னா சண்டை போட்டுப் பிரிக்கிறது இல்ல. எங்க பக்கத்து வழக்கம் அது. ஒரே வீடு, ஒரே வாசல், ஆனா கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு. அரிசி பருப்புலேருந்து ஊறுகாச் சாடி வரைக்கும் குடுத்து, ரெண்டாங்கட்டுல ஒரு அடுப்பைக் காட்டி, இனிமே உம்பாடுன்னு சொல்லிருவாக. அதே மாசம் என் வீட்டுக்காரவுக மலாயாவுக்குக் கப்பலேறிட்டாக. திரும்ப மூணு வருஷமாகும். அறுபத்தஞ்சோ அறுபத்தாறோ, எனக்குப் பத்தொன்பது வயசு. ஒத்த ஆளுக்கு உலை வைக்கிறது எம்புட்டுப் பெரிய வேலைன்னு வச்சுப் பாத்தவளுக்குத்தான் தெரியும்.

முதல்ல தூக்கம் போச்சு. அப்புறம் பசி போச்சு. அழுகைகூட வரல. முத்தத்துல வெயில் விழுந்து, தூணைத் தொட்டு, மெல்ல ஏறிப் போயிரும். நான் அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். பக்கத்துல பேசுறவுக சத்தம் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேக்கும். சொல்லப்போனா சுகமாக்கூட இருந்துச்சு. பயமே இல்லாம கரைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு விசயத்துல மட்டும் கெட்டிக்காரி நான். என் அடுப்பு புகையலைன்னா என்னன்னு கேப்பாக. புத்தி பேதலிச்சுருச்சுன்னு பேச்சு கிளம்பும். நான் பொறந்த ஊரு வலையபட்டியில என் தங்கச்சிக்குத் தை மாசம் கல்யாணம் பேசியிருந்தாக. அக்கா பைத்தியம்னா தங்கச்சிய எவன் கட்டுவான்? அதனால ரெண்டு வேளையும் அடுப்பைப் பத்தவச்சு, பானையில வெறும் தண்ணியக் கொதிக்கவிட்டேன். மத்த மூணு அடுப்புப் புகையோட என் புகையும் சேந்து போச்சு. மோரு ரெண்டு வாய், எப்பவாவது ஒரு வெல்லத்துண்டு, அதான் என் சாப்பாடு.

பாத்திரம் தேய்க்க வர்றவதான் கண்டுபிடிச்சா.

"ஆச்சி, ஒன்பது நாளா ஒங்க பானையில ஒரு பருக்கை ஒட்டலையே."

"ஒன் சோலியப் பாரு"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அவ அசையல. "எங்க வீட்டுல எட்டுப் பேரு ஒரே சட்டியில திங்கிறோம். பத்தாது, சண்டை வரும். ஆனா ஒருத்தி சாப்பிடலைன்னா ஏழு பேருக்குத் தெரியும். இம்புட்டுப் பெரிய வீட்டுல ஒருத்தருக்கும் தெரியலையே, ஆச்சி."

"சொல்லிராத, தங்கச்சி கல்யாணம் நின்னுரும்"னு அவ கையப் புடிச்சுக் கெஞ்சுனேன். கைய உருவிக்கிட்டு நேரா மாமியாகிட்டப் போயிட்டா, பாவி மக. அன்னைக்கு அவளை நான் திட்டாத திட்டு இல்ல, எல்லாம் மனசுக்குள்ளதான்.

மாமியா வந்தாக. மூடியத் தெறந்தாக. தண்ணி தளதளன்னு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. தங்கச்சி முகம்தான் கண்ணுல நின்னுச்சு.

"எத்தனை நாளா?"

"ஒன்பது."

அப்படியே அடுப்புக்கு முன்னால தரையில உக்காந்துட்டாக. ரொம்ப நேரம் தண்ணியவே பாத்தாக.

"ஒன் மாமனார் பர்மாவுல இருந்தப்ப நான் ரெண்டு மாசம் இப்படி வெறும் தண்ணி வச்சேன்"னாக. "இதே அடுப்புதான். யாரும் வந்து மூடியத் தெறக்கல."

நான் அப்பத்தான் அழுதேன். எத்தனையோ நாள் வராத அழுகை.

"தை மாசம் வலையபட்டிக்கு நாம ரெண்டு பேரும் சேந்து போவோம். அதுக்கு ஒடம்புல தெம்பு வேணும்ல"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சாக. அந்தத் தண்ணியக் கீழ ஊத்தல. ரெண்டு ஆளுக்கு அரிசி எடுத்துக் களைஞ்சு, அதுலயே போட்டாக.