நாலு சக்களத்திகள்

எனக்குச் சக்களத்தி ஒருத்தி இல்லை, நாலு பேர். நாலும் கம்பிச் சக்கரங்கள். செங்கல்பட்டு அரிசி மில் முதலாளியின் காரில் பூட்டியிருந்தவை. அந்தக் காரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். மில்லுக்குப் பின்னால் கார் கொட்டகை, அதை ஒட்டி எங்கள் குடித்தனம். அதனால் என் வயிற்றெரிச்சலுக்குத் தினமும் கண்ணெதிரே தீனி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் முதலாளி குடும்பத்தோடு மகாபலிபுரம் போவார். வண்டி திரும்பியதும் என் ஆள் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். சக்கரத்தின் சூடு ஆறட்டும் என்று அதன் பக்கத்திலேயே குந்தியிருப்பார். சூட்டோடு தண்ணீர் பட்டால் ஆகாதாம். இங்கே நான் கொதித்துக்கொண்டிருந்தேனே, அதை யார் ஆற்றுவது? பிறகு உப்பும் மணலும் போக நல்ல தண்ணீர் ஊற்றுவார். சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டிக் கிழிசலை ஒவ்வொரு கம்பியாகச் சுற்றி, மேலும் கீழும் மெதுவாக இழுப்பார். மறுபடி அலசி, பொட்டு ஈரம் இல்லாமல் துடைப்பார்.

"உப்பு தங்கினா துரு ஏறிடும்மே" என்பார்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாரா அந்த மனுஷன்? அந்தச் சக்கரங்கள் வாராவாரம் பார்த்த கடலை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. கேட்டால், "ஆயுத பூஜை முடியட்டும்மே, பஸ்ல இட்டுகினு போறேன்" என்பார். இரண்டு ஆயுத பூஜை முடிந்திருந்தது.

மூன்றாவதற்கு முதல் நாள், அவர் பூசணிக்காயும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் புளியும் செங்கல் தூளும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்தேன். விளக்கு தகதகவென்று மின்னியது. நிமிர்ந்தால் எதிரே சக்களத்திகள். "வாங்கடி, உங்களையும் ஒரு கை பார்க்கிறேன்" என்று எழுந்தேன். அவர் பாதி நாள் மெனக்கெடுவதை நான் அரை மணியில் முடித்துக் காட்டினால் அசந்துபோவார், மிச்ச நேரமெல்லாம் எனக்குத்தான் என்று நினைத்தேன். தேங்காய் நாரால் புளியையும் தூளையும் அப்பி அழுத்தித் தேய்த்தேன். பொய் சொல்லமாட்டேன், கையோடு ஆத்திரமும் சேர்ந்துதான் தேய்த்தது. கம்பி முனைகள் விரலைக் கீறின. விடவில்லை.

முன் சக்கரம் இரண்டையும் முடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஐயோ! கம்பிகள் கீறல் கீறலாய், சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடந்தன. பித்தளை விளக்குபோல இது உள்ளும் புறமும் ஒன்றில்லை, மேலே மெல்லிய முலாம்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

என் வீட்டுக்காரர் பூசணிக்காயோடு வர, பின்னாலேயே முதலாளியும் வந்துவிட்டார்.

"யாருய்யா இப்டிப் பண்ணது?" என்று முதலாளி கத்தினார்.

புளி ஒட்டிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். என் ஆள் சக்கரத்தைப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார்.

"நான்தான் மொதலாளி. பூஜைக்கு மின்னட்டும்னு காலீல தேச்சிட்டேன்."

"சாவியக் குடு. இனிமே நீ நெல்லு லாரி ஓட்டு, போ."

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குள் வந்ததும் அறை விழும் என்று மூலையில் ஒடுங்கி நின்றேன். அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே உட்கார்ந்தார்.

"கைய நீட்டுமே."

கீறல்களில் புளி பட்டுத் தீயாக எரிந்தது. தண்ணீர் ஊற்றினார். இடுப்பில் செருகியிருந்த வேட்டிக் கிழிசலை எடுத்து, ஒவ்வொரு விரலாகச் சுற்றி, மேலும் கீழும் மெதுவாகத் துடைத்தார். பொட்டு ஈரம் மிச்சம் வைக்கவில்லை.

அப்போதாவது என் வாய் சும்மா இருந்ததா?

"அதுங்களையும் இப்டித்தான் தொடச்சியா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மே" என்றார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அந்த அழுகை எனக்கா, சக்கரத்துக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லிவிட்டிருப்பார்.