மூன்று குடும்பப் பெயர், ஒரு குடும்பம்

ஒரு கணினியில் இருக்கும் குடும்பத்தைக் கலையாமல் இன்னொரு கணினிக்கு அனுப்பிவைப்பதுதான் என் தொழில். பைத்தன் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி வயிறு கழுவுகிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. ஆளின் விவரத்தை என் பைத்தன் சேவை அனுப்பும்; கூட வேலை செய்யும் இத்தாலியன் சால்வோ எழுதிய திரை அதைக் கைபேசியில் காட்டும். அந்தக் கிழமை, ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, நம் பாஷையில் திருமதி, வீட்டோடு தங்கி வேலை செய்ய ஒரு குடும்பம் கேட்டிருந்தார். நகர் நடுவே அல்பெர்கேரியாவில் ஒற்றை அறையில் நெருக்கிக்கொண்டிருந்த யோகநாதன் அண்ணை, ராணி அக்கா, ஒன்பது வயது மகள் அபி மூவருக்கும் கடவுளாகப் பார்த்துத் தந்த வீடு. வெள்ளிக்குள் விவரம் போகாவிட்டால் அது வேறு ஆளுக்கு.

அடம்பிடித்த திகதி

பெயர் போனது, முகவரி போனது. பிறந்த திகதியை மட்டும் அனுப்ப மாட்டேன் என்று பைத்தன் அடம்பிடித்தது. திகதியை வெறும் எழுத்தாக மாற்றிக் கொடுத்தால்தான் வெளியே விடுமாம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள். எதிரே காத்திருந்த அண்ணை எட்டிப் பார்த்தார்.

"பிறந்த திகதி குடுத்தாச்சு. இனி நட்சத்திரமும் கேக்குமோ?"

சுற்றிச் சுற்றி

அடுத்து, கணவனுக்குள் மனைவியை வைத்தேன். புத்திசாலித்தனமாக மனைவிக்குள் கணவனையும் வைத்தேன். சேவை அண்ணையைத் திறந்தால் உள்ளே அக்கா. அக்காவைத் திறந்தால் உள்ளே அண்ணை. இது வட்டம், என்னால் முடியாது என்று பிழை காட்டிப் படுத்துவிட்டது. அதற்குள் வியாழன். நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

"இதுக்கேன் தம்பி முழிக்கிறியள்? கலியாணம் கட்டின நாளிலையிருந்து நானும் இந்தாளைச் சுத்தித்தான் வாறன். ஒரு பிழையும் காட்டேல்லை."

அந்நியர் மூவர்

அவசரத்தில், உறவையெல்லாம் கழற்றிவிட்டு மூவரையும் ஒரே வரிசையில் அனுப்பினேன். சால்வோவின் திரை குடும்பப் பெயரை வைத்து ஆட்களைச் சேர்க்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அட்டையில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அண்ணை கந்தையா, அக்கா செல்லத்துரை, அபி யோகநாதன். என் பெயரும் அப்படித்தான். இருந்தும் சால்வோவிடம் இதைச் சொல்ல ஒருநாளும் தோன்றவில்லையே என்று என்மீதே ஆத்திரம் வந்தது. சிஞ்ஞோரா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"நான் குடும்பம் கேட்டேன். நீங்கள் மூன்று அந்நியரை அனுப்பியிருக்கிறீர்கள். அந்தச் சின்னப் பிள்ளையின் பெற்றோர் எங்கே?"

வீட்டுத் தலைவி

வெள்ளி காலை, குடும்பம் என்று ஒரு பெட்டி செய்து மூவரையும் அதற்குள் வைத்தேன். யார் யாருக்கு என்ன உறவு என்றும் எழுதினேன். பெட்டிக்குப் பெயர் வேண்டுமே? யோகநாதன் குடும்பம் என்று போட்டேன். நாம் அப்படித்தானே சொல்வோம்!

மத்தியானமே சிஞ்ஞோரா சம்மதித்துவிட்டார். ஆனால் சால்வோவின் திரை, யோகநாதன் என்ற குடும்பப் பெயர் யாருக்கு இருக்கிறது என்று தேடி, அவரையே தலைவராக்கியிருந்தது. சிஞ்ஞோராவிடமிருந்து கடிதம் வந்தது: சிஞ்ஞோரா அபி யோகநாதன் குடும்பத்துடன் வரவும், சாவி அவரிடம் ஒப்படைக்கப்படும். அண்ணை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அபி மட்டும் கடிதத்தை மடித்துத் தன் புத்தகப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பப்பா, நீங்களும் மம்மாவும் வந்து இருக்கலாம். ஆனா சாவி என்னட்டைத்தான், கப்பீத்தோ? விளங்கிச்சோ?"

பெட்டிக்குள் பெட்டி வைத்து எவ்வளவு பத்திரமாக அனுப்பினாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் வீட்டுத் தலைவர் யார் என்பதைச் சால்வோவின் திரைதான் தீர்மானிக்கிறது.